பாதாளத்தில் ஒரு தூதன்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆயினும் மாரிக்குப்பம், உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே நம் சங்கத்து மாணவர் பலருக்கு உறவினர் ஒருவரின் நினைவு வந்துவிடும். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் கூலிக்குச் சென்ற தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே பாதாளத்தில் இறங்கிப் பொன் எடுத்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து தொடங்கிய வேலை 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு நின்றது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசுக்கும் மேல்.

இக்கட்டுரை பொன்னைப் பற்றியது அன்று. இன்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய முற்படும் பொறியியல் மாணவர்கள் பெரிதும் நாடும் துறைகளுள் இரண்டைப் பற்றியது. ஒன்று, பிறர் ஏவாமல் தானே முடிவு செய்து இயங்கும் ரோபோ. மற்றொன்று, கம்பியில்லாச் செய்தி வலை. வகுப்பறையில் இவை வேறு வேறு ஆசிரியர் நடத்தும் வேறு வேறு பாடங்கள். அவ்வாறு படிக்கும் வரையில் இவற்றுக்கிடையே உள்ள உறவு விளங்குவதில்லை. தங்கவயலின் ஷாப்டு ஒன்றில் ஒரு ரோபோவை இறக்கி அனுப்புவதாக எண்ணிப் பார்த்தால் உடனே விளங்கிவிடும். அவ்வாறு எண்ணிப் பார்ப்பதே இப்பாடம்.

கடலைத் தாண்டிய அலை

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து கம்பியில்லாச் செய்தியைப் பெற்றார். அடுத்த ஆண்டின் நடுவில், காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அதுவும் ஒன்று. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்து அற்புதங்கள். மின்சாரம் கம்பியோடு சுரங்கத்தின் அடிவரை இறங்கியது. அலையோ பெருங்கடலைத் தாண்டிற்றே ஒழிய, ஒருவன் காலடியில் உள்ள சில நூறு மீட்டர்ப் பாறையைத் தாண்டவில்லை.

பாறையின் இந்தத் தடுப்பாற்றல் மற்றொரு வகையில் நன்மையாகவும் முடிந்தது. விண்ணிலிருந்து ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் மேலே அதிகம். சாம்பியன் ரீப்பில் 2,300 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் அந்த இரைச்சல் அநேகமாக அடங்கிவிடும். அதனால்தான் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அங்கே கருவிகளை அமைத்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடத்தை 1965இல் கண்டனர். உலகில் முதன்முதல் அதனைக் கண்டோருள் அவர்களும் அடங்குவர். நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டே அன்று. வானொலி அலைக்கோ அது முடிவான சுவர். காரணம் வேறு வேறாயினும், இரண்டு ஆராய்ச்சிக்கும் அடிப்படை அதே பாறைதான்.

சுரங்கத்தில் மனிதர் எவ்வாறு பேசிக்கொண்டனர்? மணியினால். ஆட்களை இறக்கும் கேஜுக்கும் மேலே வைண்டிங் எஞ்சின் ஓட்டுபவருக்கும் இடையே மணியடிப்புத்தான் மொழி. ஓடிக்கொண்டிருக்கும் கேஜை நிறுத்த ஒரே அடி போதும். மிக அவசரமான செய்திக்கு மிகக் குறுகிய குறி. செய்திக் கோட்பாட்டை ஷானன் 1948இல் எழுதினார். அதற்கு வெகு முன்பே சுரங்கத் தொழிலாளி அதன் ஒரு பகுதியைத் தன் தேவையால் அறிந்திருந்தான் என்று சொல்வது மிகையாகாது. பின்னர்த் தொலைபேசிக் கம்பி வந்தது. ஆனால் மணிக்கயிறாயினும் தொலைபேசிக் கம்பியாயினும் பாறை சரிந்தால் முதலில் அறுவது அதுவே.

பாறை சரிவது தங்கவயலில் வெறும் கற்பனை அன்று. ஆழம் மிகுந்த சுரங்கத்தில் மேலுள்ள மலையின் சுமை முழுவதும் வெட்டிய இடத்தைச் சுற்றிக் குவிந்து, ஒரு கணத்தில் பாறை வெடித்துச் சிதறும். இதனைப் பாறை வெடிப்பு என்கிறோம். பழைய நூல்களில் 'ஏர் பிளாஸ்ட்' என்றும் காணப்படும். 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அங்கே நில அதிர்வு உணரிகளை வலைபோல் அமைத்து, பாறையின் முணுமுணுப்பை இரவும் பகலும் கேட்டு வந்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் சாம்பியன் ரீப்பிலேயே தொடங்கப்பெற்றது. ஆகவே, எங்கே வெடித்தது என்று மேலிருந்து கணிக்க வழி இருந்தது. அங்கே சிக்கியவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வழி இல்லை. நம் ஆராய்ச்சி தொடங்கும் இடம் இதுதான்.

ஒரு சிறு கணக்கு

அலை பாறைக்குள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தாழ்ந்த அதிர்வெண்களில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. பாறையின் மின்தடைத் திறனை ஓம்-மீட்டரில் எடுத்துக்கொண்டு, அலையின் அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 503ஆல் பெருக்குக. கிடைக்கும் மீட்டர்த் தூரத்தில் அலையின் வீச்சு நூற்றுக்கு 37 பங்காகக் குறைந்துவிடும். இதனை ஊடுருவு ஆழம் எனலாம்.

எடுத்துக்காட்டாக, தடைத்திறன் 1,000 ஓம்-மீட்டர் என்றும், அதிர்வெண் விநாடிக்கு 1,000 என்றும் கொள்வோம். ஊடுருவு ஆழம் 503 மீட்டர். சாம்பியன் ரீப்பின் 3,200 மீட்டர் என்பது இதைப்போல் ஆறு மடங்குக்கும் சற்று மேல். ஒவ்வொரு மடங்குக்கும் 37 பங்காகக் குறைந்துகொண்டே வந்தால் இறுதியில் எஞ்சுவது ஏறத்தாழ 580இல் ஒரு பங்கு. இது பாறை விழுங்கியது மட்டும். தூரத்தினால் அலை விரிந்து மெலிவது வேறு.

அதிர்வெண்ணை இன்னும் குறைத்தால் ஊடுருவும் ஆழம் கூடும் அல்லவா என்று கேட்கலாம். கூடும். ஆனால் அதிர்வெண் குறையக் குறைய விநாடிக்கு அனுப்பக்கூடிய செய்தியின் அளவும் சுருங்கும். விநாடிக்கு 40 பிட் செல்லும் ஒரு வழி நமக்குக் கிடைத்தது என்று கொள்வோம். இன்றைய கைப்பேசியில் எடுத்த படத்தை மிகவும் சுருக்கினால் 100 கிலோபைட், அதாவது 8 லட்சம் பிட். இப்படம் ஒன்று மேலே வர 20,000 விநாடி, ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 'உயிரோடு இருக்கிறேன்' என்னும் சொல்லை அனுப்ப இவ்வழி போதும். ரோபோவின் கண்ணால் பார்த்துக்கொண்டு மேலிருந்து அதை ஓட்ட ஒருக்காலும் போதாது.

வீட்டில் நாம் பயன்படுத்தும் வைஃபை அலை விநாடிக்கு 240 கோடி அதிர்வு கொண்டது. மேற்சொன்ன சூத்திரம் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்தாது. பொருத்தமான கணக்கைப் போட்டாலும் விடை ஒன்றுதான்: ஈரமான பாறை சில பத்து மீட்டர் இருந்தால் அலை முற்றும் மறைந்துவிடும்.

குகையே குழாய்

பாறைக்குள் செல்லாத அலை, பாறையைக் குடைந்த வழியில் செல்லுமே! செல்கிறது; அதுவும் விந்தையான முறையில். சுரங்கப்பாதை அலைக்கு ஒரு குழாயாகிறது. பாதையின் அகலம் 3 மீட்டரானால் விநாடிக்கு ஏறத்தாழ 5 கோடிக்கும் குறைந்த அதிர்வெண் கொண்ட அலை அதற்குள் நுழைந்து செல்ல இயலாது. அதன் அலைநீளம் பாதைக்குப் பெரிதாகிவிடும். அதற்கு மேற்பட்ட அலை சுவர்களில் சாய்ந்து சாய்ந்து பட்டுத் தெறித்துக்கொண்டு போகும். எம்ஸ்லி, லகாஸ், ஸ்ட்ராங் என்னும் மூவர் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களை வைத்து இதனை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட கட்டுரை இத்துறை மாணவர் அனைவரும் முதலில் படிப்பது. நேரான பாதையில் விநாடிக்கு 50 கோடி முதல் 100 கோடி வரை அதிர்வு கொண்ட அலைகளே நன்றாகச் செல்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள்.

நேரான பாதையில் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாதை ஒரு மூலையில் திரும்பினால் அங்கேயே அலையின் பெரும்பகுதி இழக்கப்படும். பொன் ஓடும் வழியே வெட்டிச் சென்ற தங்கவயல் போன்ற சுரங்கத்தில் நேரான பாதை எவ்வளவு, மூலை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே பாதைகளின் மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இதற்கு மாற்றாகச் சுரங்கங்களில் கசியும் கம்பி என ஒன்றைப் போடுவார்கள். அதன் மேலுறையில் இடைவெளி விட்டு, வழிநெடுக அலை சிறிது சிறிதாக வெளியே கசியும்படி செய்திருப்பார்கள். அன்றாட வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. விபத்து நாளில் அறுந்தால் அதற்கு அப்பால் மௌனம்.

ஆகவே, ரோபோ தானே வழியில் சிறு சிறு அஞ்சல் பெட்டிகளை இட்டுக்கொண்டு செல்லட்டும் என்றார்கள். ஒவ்வொரு பெட்டியும் முன்னதிடமிருந்து செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். வீடு கட்டும் இடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே இது. ஆனால் ஒரு வேறுபாடு. சித்தாள் ஒரு கையால் வாங்கும்போதே அடுத்தவர் வேறொரு சட்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே அலைவரிசையில் இயங்கும் பெட்டியோ ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. அது பேசும்போது பக்கத்துப் பெட்டியும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதனால் இரண்டு கை மாறினால் வேகம் பாதி. மூன்று மாறினால் மூன்றில் ஒரு பங்கு. நீண்ட வரிசையில், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், நான்கில் ஒரு பங்குக்கு மேல் கிடைப்பதில்லை. 2001இல் இதனைச் சோதித்தவர்கள் வழக்கமான வைஃபை முறையில் ஏழில் ஒரு பங்கே கிடைத்ததாகக் கண்டனர்.

இதற்கு முந்திய ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பி. ஆர். குமாரும் பியூஷ் குப்தாவும் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட ஒரு தேற்றம் இன்னும் பொதுவானது. கம்பியில்லா வலையில் சேரும் கருவிகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போகும். நூறு ரோபோக்களை அனுப்பினால் நூறு மடங்கு செய்தி வரும் என்று எண்ணுவோர் இத்தேற்றத்தை ஒருமுறை படித்துவிட்டு எண்ணுவது நலம்.

பேச முடியாதவன் முடிவு செய்ய வேண்டும்

இப்போது நம் இரு பாடங்களும் சேரும் இடத்துக்கு வந்துவிட்டோம். செய்தி தடையின்றி வருமானால் ரோபோவுக்கு மூளையே தேவையில்லை. மேலே இருப்பவர் ஓட்டிக்கொள்வார். செய்தி முற்றும் நின்றுவிடுமானால் எல்லா முடிவும் அதனுடையதே. சுரங்கத்தில் செய்தி வந்தும் வராமலும் இருக்கும். ஆகவே, ரோபோ எடுக்க வேண்டிய முடிவுகளுள் முதன்மையானது இடப்புறமா வலப்புறமா என்பது அன்று. மேலே போவதா, திரும்பிப் போய்க் கண்டதைச் சொல்வதா என்பதுதான்.

அனுமன் இலங்கைக்குத் தூது சென்ற கதையை நாம் அறிவோம். சீதையைக் கண்டதோடு அவன் வேலை முடியவில்லை. கண்டேன் என்று இராமனிடம் வந்து சொன்னபோதுதான் முடிந்தது. நடுவில் ஊரை எரித்துக்கொண்டிருந்த நேரத்தை இன்றைய ரோபோ ஆராய்ச்சியாளர் வீண் தாமதம் என்றே கணக்கில் எழுதுவார், அது இருக்கட்டும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். ரோபோ நிமிடத்துக்கு 30 மீட்டர் செல்கிறது. மின்கலம் 60 நிமிடம் தாங்கும். சுரங்க வாயிலிலிருந்து 150 மீட்டர் வரை அலை எட்டும். 400 மீட்டரில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். இது நமக்குத் தெரியாது.

ரோபோ முடிந்தவரை உள்ளே சென்று, நேரம் முடியும் தறுவாயில் அலை எட்டும் இடத்துக்குத் திரும்புமானால் 975 மீட்டர் வரை பார்க்கலாம். கிடப்பவரை 13ஆம் நிமிடத்திலேயே கடந்து போயிருக்கும். மேலே இருப்பவருக்குத் தெரிவதோ 60ஆம் நிமிடத்தில். 50ஆம் நிமிடத்தில் ஒரு கல் விழுந்து ரோபோ நசுங்கிவிட்டால் ஒன்றுமே தெரியாது. வேறு முறையில், 450 மீட்டர் வரை சென்று ஒருமுறை திரும்பிச் சொல்லிவிட்டு மீண்டும் போனால் செய்தி 25ஆம் நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் மொத்தத்தில் 675 மீட்டருக்கு அப்பால் பார்க்க இயலாது. 300 மீட்டர்ப் பாதை பாராமல் விடப்படும். அங்கே இன்னொருவர் கிடந்தால்? கண்டதும் உடனே திரும்புவது என்ற விதியை வைத்தால் செய்தி 22ஆம் நிமிடத்துக்குள் வரும். அப்படியானால் ஒரு காலி டின்னைக் கண்டாலும் திரும்பிவிடுமா? எது சொல்லத் தக்கது என்று மதிப்பிடும் அறிவும் அதற்கு வேண்டும்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சி என்றால் ஏதோ முழு எந்திரத்தையும் ஒருவரே செய்து முடிப்பது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். மேற்கண்ட ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அலை எட்டும் எல்லை சரியாகத் தெரியாதபோது, வழி எங்கே அடைபட்டிருக்கும் என்று தெரியாதபோது, இரண்டு ரோபோக்கள் இருக்கும்போது, ஒன்று ஓட்டக்காரனாகவும் மற்றது தேடுபவனாகவும் இருக்கும்போது என்று ஒவ்வொன்றாக விரித்து, விடைக்கு ஒரு விதியும் அவ்விதிக்கு ஒரு நிரூபணமும் தருவதே நான்கைந்து ஆண்டு வேலை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கிருந்து தங்கவயல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான்.

வழியைத் தெரிந்துகொள்வதும் எளிதன்று. தரைக்கு அடியில் செயற்கைக்கோள் வழிகாட்டி வேலை செய்யாது. ரோபோ தன் சக்கரச் சுழற்சியையும் சுவரில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியையும் கொண்டு தானே படம் வரைந்து, அதே படத்தில் தன் இடத்தையும் குறிக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற சிறு பிழை 600 மீட்டரில் 6 மீட்டராகிவிடும். பாதைகள் அருகருகே ஓடும் இடத்தில் அது வேறொரு பாதை. முன்பு பார்த்த இடத்துக்கே திரும்பி வந்தால், இந்த இடம் முன்பே தெரிந்தது என்று கண்டு படத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆக, திரும்பி வருவதால் செய்தியும் போய்ச் சேருகிறது, படமும் சீராகிறது. மேற்சொன்ன கணக்கில் இந்த இரண்டாவது பயனை நாம் சேர்க்கவில்லை. சேர்த்தால் திரும்புவதன் மதிப்பு கூடும்.

உலகில் நடந்தவை

2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குவீக்ரீக் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் சுவரை அறியாமல் உடைத்துவிட்டார்கள். அதில் நின்ற வெள்ளம் பாய்ந்தது. பழைய சுரங்கத்தின் வரைபடம் தவறானது. ஒன்பது பேர் சிக்கி, மூன்று நாளுக்கு மேல் போராடி, ஒன்பது பேரும் மீட்கப்பட்டார்கள். அதன் பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 'கிரவுண்ட்ஹாக்' என்னும் 700 கிலோ எடையுள்ள ரோபோவைச் செய்து, 2003 மே மாதம் மாதீஸ் என்னும் கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் தனியே அனுப்பினர். 308 மீட்டர் சென்றதும் கூரையிலிருந்து விழுந்த உத்திரம் ஒன்று குறுக்கே கிடந்தது. மேலே கேட்க வழியில்லை. கடக்க முடியாது, திரும்பலாம் என்று அதுவே முடிவு செய்தது. என் மதிப்பில் இத்துறையின் வரலாற்றில் அந்தச் சிறு முடிவுக்குப் பெரிய இடம் உண்டு.

2006 ஜனவரி 2ஆம் நாள் மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்தது. சிக்கிய 13 பேரில் 12 பேர் இறந்தனர். உள்ளே இருந்தவர்கள் கூரையில் பதித்த இரும்புத் தண்டுகளைச் சம்மட்டியால் அடித்து ஒலி எழுப்பினார்கள். மேலே அதைக் கேட்கக் கருவி வைத்தவர் எவரும் இல்லை. உள்ளே அனுப்பிய ரோபோ, கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டு சென்றது, வழியிலேயே சிக்கி நின்றுவிட்டது. மீட்புக் குழுவினரின் செய்தி பலர் வாய் மாறி மேலே வந்தபோது திரிந்து, 12 பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. குடும்பத்தார் மூன்று மணி நேரம் கோயில் வாசலில் மகிழ்ந்திருந்த பின்னரே உண்மை வந்தது. செய்தி வருவது மட்டும் போதாது, அது எவ்வளவு உறுதியானது என்பதும் உடன்வர வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டாம். இன்றைய ரோபோ, 'மனிதனைக் கண்டேன்' என்று சொல்லும்போது, நூற்றுக்கு எத்தனை உறுதி என்றும் சேர்த்துச் சொல்லும்படி அமைக்கப்படுகிறது. அவ்வாண்டே அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, நிலக்கரிச் சுரங்கங்களில் கம்பியில்லா இருவழிப் பேச்சுக்கு மூன்று ஆண்டுக்குள் ஏற்பாடு செய்யப் பணித்தது.

பிறகு, அந்நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையாகிய டார்ப்பா பாதாளப் போட்டி ஒன்றை 2018 முதல் நடத்தியது. அத்துறையின் நோக்கம் மீட்புப் பணி மட்டும் அன்று, போரும்தான் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. ஆயினும் போட்டியின் விதிகள் நம் பாடத்துக்கே எழுதியவை போலிருக்கும். 2021 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகருக்கு அடியில் உள்ள குகையில் இறுதிச் சுற்று. 60 நிமிடம். மறைத்து வைத்த பொருள்கள் 40. மனித உருவப் பொம்மை, கைப்பேசி, முதுகுப்பை முதலியன. பொருளின் இடத்தை 5 மீட்டருக்குள் சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. வெளியே ஒரே ஒரு மனிதர் மட்டும் ரோபோக்களோடு பேசலாம். கண்டது போதாது, நேரத்துக்குள் செய்தி வெளியே வந்தால்தான் புள்ளி. பல குழுக்கள் அஞ்சல் பெட்டிகளை இட்டுச் சென்றன. ரோபோக்கள் வழியில் சந்தித்தபோது தத்தம் படங்களைப் பரிமாறிக்கொண்டன. இறுதியில் செர்பரஸ் என்னும் குழுவும் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. குழுவும் 23 புள்ளிகளோடு சமமாக நின்றன. கடைசிப் புள்ளியை முந்திப் பெற்றது எது என்று பார்த்து செர்பரசுக்கு முதல் பரிசு அளித்தார்கள். நாற்பதில் இருபத்து மூன்று. உலகின் மிகச் சிறந்த குழுக்களே பதினேழைத் தவறவிட்டன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்; ஆராய இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கும் மாணவர்க்கு அந்தப் பதினேழே விடை.

நம் நாட்டில் 2023 நவம்பர் 12ஆம் நாள் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்தபோது சிக்கிய 41 பேரும் 17 நாளில் மீண்டார்கள். அவர்களை உயிரோடு வைத்தது, சரிவுக்கு ஊடே ஏற்கெனவே சென்றிருந்த ஒரு சிறு குழாய். காற்றும் உணவும் பேச்சும் அதன் வழியே சென்றன. அக்குழாய் இல்லாதிருந்தால்? 2025 பிப்ரவரி 22ஆம் நாள் தெலங்கானாவில் எஸ்.எல்.பி.சி. சுரங்கப்பாதை சரிந்து எட்டுப் பேர் சிக்கியபோது அப்படி ஒரு குழாய் இல்லை. மீட்புப் பணியில் பின்னர் ரோபோக்களும் ஈடுபடுத்தப்பட்டன. எட்டுப் பேரில் எவரும் உயிரோடு திரும்பவில்லை.

நீருக்குள் இருக்கும் தங்கவயல்

நம் ஆராய்ச்சி மாணவர் பலர் கணிப்பொறித் திரையில் தாமே வரைந்த சுரங்கத்தில் ரோபோவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். திரையில் வரைந்த சுவரில் ஈரம் இல்லை, தூசி இல்லை, மூலைகள் கணக்குக்கு அடங்கியவை. ராய்ச்சூர் மாவட்டத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம் இன்றும் வேலை செய்கிறது. ஒரு கோணிப்பை நிறைய அஞ்சல் பெட்டிகளோடு அங்கே ஒரு வாரம் இறங்கினால், ஓராண்டுத் திரை வேலையில் காணாதவை தென்படும் என்பது என் எண்ணம்.

தங்கவயலிலேயே ஏன் செய்யக்கூடாது எனலாம். 2001இல் வேலை நின்றதோடு நீர் இறைக்கும் பம்புகளும் நின்றன. ஆழத்துப் பாதைகள் நீரில் மூழ்கிவிட்டன. நீருக்குள் வைஃபை அலை சில அங்குலத்தில் அடங்கிவிடும். அங்கே ஒலிதான் தூது. ஒலி நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஆனால் குறுகிய பாதையில் சுவருக்குச் சுவர் எதிரொலித்துச் சொல் குழம்பும். மூலை திரும்பினால் அதுவும் மெலியும்.

மூழ்கிய சுரங்கத்துக்கும் ரோபோ செய்துவிட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2016 முதல் 2019 வரை நடத்திய யுனெக்ஸ்மின் என்னும் திட்டத்தில் 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை ஒன்று உருவானது. பெயர் யு.எக்ஸ்.-1. பின்லாந்து, ஸ்லொவேனியா, போர்ச்சுகல், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் கைவிடப்பட்ட, நீர் நிறைந்த சுரங்கங்களில் அதனை இறக்கிப் பார்த்தார்கள். 500 மீட்டர் ஆழம் வரை தாங்கும்படியும், கம்பியின் துணையின்றித் தானே வழி தேடிப் படம் வரையும்படியும் அது வடிவமைக்கப்பட்டது. சாம்பியன் ரீப்பின் ஆழமோ அதற்கு ஆறு மடங்கு. இத்தகைய ரோபோவுக்கு மேற்சொன்ன 150 மீட்டர் எல்லைகூட இல்லை. நீர்மட்டத்துக்கு மீண்டும் எழுந்து வரும்வரை அது கண்டது முழுவதும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். மின்கலத்தில் எவ்வளவு மீதி வைத்துக்கொண்டு அது திரும்பத் தொடங்க வேண்டும் என்னும் கணக்கை, மேலே தந்த எண்களைப் போலவே சில எண்களைத் தாமே எடுத்துக்கொண்டு மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.